சாவீட்டு வாயிலில் ஓர் ஆசிரியர்: பிரான்சிஸ்கோ ஒல்லரின் ஓவியங்கள் பற்றிய ஒரு நோக்கு

மேலைத்தேய ஓவிய வரலாற்று நூல்களில் இம்பிரஷனிசம் எனப்படும் மனப்பதிவுவாதம் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டுவோர் மொனே, ரெனுவா, டெகா, பிசாரோ, செசான் ஆகிய பெயர்களைத் தவறாது காண்பர். அவர்களுள் சிலரோடு ஒரே பயிற்சிக்கூடத்தில் நின்று வரைந்தவரும், அவர்களது நட்புக்குரியவராயிருந்தவருமான பிரான்சிஸ்கோ ஒல்லரின் பெயரை அந்நூல்களிற் காண்பது அரிது. இடம்பெறும் ஓரிரு நூல்களிலும் அவரைப் பற்றிய தீர்ப்பு ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துள்ளது. பாரிஸில் இருந்தபோது புதுமையை நாடினார். தாயகம் மீண்டதும் பழைய யதார்த்தவாதப் பாணிக்குத் திரும்பினார். மீண்டும் ஐரோப்பா சென்றபோது மீண்டும் ஒளியையும் வர்ணத்தையும் நாடினார். ஆகவே அவர் உறுதியான ஒரு பாணியைக் கைக்கொள்ளாதவர் என்பதே அத்தீர்ப்பு. இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒல்லரின் மூல ஓவியங்களை நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியதில்லை. அச்சுப் பிரதிகளின் துணைகொண்டே இதனை எழுதுகிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நேர்மையாகும்.

ஒல்லர் 1833ஆம் ஆண்டு யூன் 17ஆம் திகதி கரிபியன் தீவுகளுள் ஒன்றான புவேர்ட்டோ ரிக்கோவின் பயமோன் என்னும் ஊரிற் பிறந்தார். அத்தீவு அக்காலத்தில் ஸ்பெயினின் குடியேற்ற நாடாக விளங்கிற்று. கரும்புப் பெருந்தோட்டங்களும் அவற்றைத் தாங்கி நின்ற அடிமை முறையுமே அதன் பொருளாதாரத்தின் அச்சாணிகள். ஒல்லர் பதினொரு வயதளவில் தலைநகரான சான் ஹுவானில் ஹுவான் கிளேட்டோ நோவா என்பவரிடம் சித்திரம் பயிலத் தொடங்கினார். 1851இல் ஸ்பெயின் சென்று மட்ரிட் நகரின் சான் பெர்னாண்டோ அரச கலைக்கழகத்திற் பெதெரிக்கோ டி மட்ராசோவின் கீழ்ப் பயின்றார். 1858இற் பாரிஸ் சென்றார். அங்கு தோமஸ் கூத்தூரின் மாணவரானார்; யதார்த்தவாதத்தின் முன்னோடியான குஸ்தாவ் கூர்பேயின் செல்வாக்குக்கும் உட்பட்டார். 'அக்கடெமி சுவிஸ்' என்ற கட்டுப்பாடுகளற்ற பயிற்சிக்கூடத்தில் கமில் பிசாரோவுடனும் போல் செசானுடனும் பழகினார்.

இவ்விடத்திற் பிசாரோவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அவரும் கரிபியன் தீவினரே. புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கேயுள்ள, அன்று டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த செயின்ட் தோமஸ் தீவில் 1830இற் பிறந்தவர். 1855இற் பாரிஸுக்குப் புறப்பட்டுச் சென்ற அவர் பின்னர் தம் தீவுக்குத் திரும்பவேயில்லை. 1874 தொடக்கம் 1886 வரை நடைபெற்ற மனப்பதிவுவாதிகளின் எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கேற்ற ஒரே ஓவியர் அவர்தாம். செசானும் கொகானும் அவரிடம் கற்றவர்கள் என்பதால் அவரும் ஓர் ஆசிரியரே. ஆயினும் அவருடைய மாணவர்கள் பிரான்சிலே இருந்தனர். ஒல்லரோ ஐரோப்பா சென்ற ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தவர். 1865இலும் 1884இலும் 1890களின் நடுப்பகுதியிலும் அவர் திரும்பிய இடம் ஓவியக் காட்சிக்கூடங்களோ, படங்களை விலைக்கு வாங்கும் பரந்த வகுப்பினரோ, முறையான கலைக்கல்லூரியோ இல்லாத ஒரு தீவு. ஒரே கடலில் அண்டையிலிருந்த இரு தீவுகளிற் பிறந்த இவ்விரு நண்பர்களின் வாழ்வும் இவ்விடத்திற் பிரிகின்றது. 1865 டிசம்பரிற் பிசாரோ ஒல்லருக்கு எழுதிய கடிதம் இன்றும் ஆய்வாளராற் குறிப்பிடப்படுகின்றது. நட்பு நீடித்தது, செய்யவேண்டியிருந்த பணிகள் வேறாயின.

ஒல்லர் திரும்பி வந்து செய்த முதன்மையான பணி கற்பித்தலாகும். 1868இற் சான் ஹுவானில் வரைதலும் ஓவியமும் கற்பிக்கும் கழகமொன்றை நிறுவினார். அடுத்த ஆண்டில், இயற்கையைப் பார்த்து வரைவதற்கு வேண்டிய அறிவையும், அண்மையில் உள்ளன பெரிதாகவும் சேய்மையில் உள்ளன சிறிதாகவும் தோன்றும் முறையின் விதிகளையும் எளிமையாக விளக்கும் நூலொன்றை வெளியிட்டார். பாரிஸில் அவருடைய நண்பர்கள் கலைக்கழகத்தின் விதிகளை உடைக்க முனைந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களிடமிருந்து வந்த ஒருவர் விதிகளை எல்லோருக்கும் எட்டச்செய்யும் நூல் எழுதியது முரணாகத் தோன்றலாம். ஆனால் உடைப்பதற்கு முதலில் ஒரு கலைக்கழகம் இருக்கவேண்டும். கலைக்கழகமே இல்லாத ஊரில் விதிகளை அறிவதே பலருக்குக் கதவைத் திறப்பதாகும். ஒல்லரின் பாணி மாற்றங்களை விளங்கிக்கொள்வதற்கு இந்நூல் சிறந்த திறவுகோல் என்பது எனது கருத்து. தாம் கற்றதையெல்லாம் ஒப்புவிப்பது நல்லாசிரியனின் வேலையன்று. எதிரே இருப்பவர் யார், அவருக்கு இப்போது வேண்டியது யாது என்று கேட்டு அதற்கேற்பத் தெரிவதே அவனது வேலை. ஒல்லர் பாணிகளைத் தெரிந்த முறையும் இதுவே.

இக்கண்ணோட்டத்தில் அவருடைய ஓவியங்களை மூன்று தொகுதிகளாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது தொகுதி நிலைப்பொருள் ஓவியங்கள். மஞ்சள் வாழைப்பழக் குலை, தேங்காய்கள், கொய்யாப்பழங்கள், மண்சாடியின் அருகே மரமுந்திரிகைப் பழங்கள் என்பன இவற்றின் பொருள்களாகும். ஐரோப்பிய நிலைப்பொருள் ஓவியத்தின் மேசையில் நூற்றாண்டுகளாக அப்பிளும் திராட்சையும் மீனும் வேட்டைப் பறவையுமே இடம்பெற்று வந்தன. அம்மேசையிலே தம் ஊர்ச் சந்தையிற் கிடைக்கும் கனிகளை ஒல்லர் வைத்தார். ஐரோப்பியப் பயணிகள் வெப்பவலயக் கனிகளை வரைந்தபோது அவற்றின் வியப்புத்தன்மையையே பெரிதுபடுத்தினர். ஒல்லரின் வாழைக்குலையில் வியப்பு இல்லை. கன்றிய தோலும், பழுத்துக் கறுத்த புள்ளிகளும், காம்பு வெட்டப்பட்ட இடத்திற் காய்ந்த பாலின் கறையுமாக, நாளாந்தம் அதனைக் கையாளும் ஒருவரின் கண்கொண்டே அது பார்க்கப்பட்டுள்ளது. வாழையும் தென்னையும் கொய்யாவும் வளரும் நாட்டிலிருந்து இப்படங்களைப் பார்க்கும் நமக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படும். உன் வீட்டு முற்றத்தில் உள்ளதும் பார்த்து வரைதற்குரியதே என்பது ஒரு மாணவனுக்குக் கூறத்தக்க முதற் பாடமாகும். ஒல்லர் அதனைச் சொல்லாற் கூறாது வரைந்து காட்டினார்.

இரண்டாவது தொகுதி நிலக்காட்சி ஓவியங்கள். 1874இல் ஒல்லர் மீண்டும் ஐரோப்பா சென்று பாரிஸில் வாழ்ந்தார். மனப்பதிவுவாதிகளின் முதற் கண்காட்சி நடைபெற்ற ஆண்டும் அதுவே. அவர்களுடைய எட்டுக் கண்காட்சிகளுள் எதிலும் ஒல்லர் பங்கேற்கவில்லையெனினும், திறந்தவெளியில் நின்று வரைதல், நிழலைக் கறுப்பாக அன்றி வர்ணமாகக் காணுதல், தூரிகைத் தடங்களைப் பூசி மறைக்காது அருகருகே விட்டுவைத்தல் ஆகிய அவர்களது முறைகளை அவர் நன்கு கைவரப்பெற்றிருந்தார். 1895ஐ ஒட்டிய அவரது பிரெஞ்சு நிலக்காட்சிகள் இதற்குச் சான்றாகும். பாரிஸின் ஓர்சே அரும்பொருட்சாலையில் உள்ள 'மாணவன்' என்னும் அவருடைய ஓவியம் அவர் அந்நகரின் கலையுலகில் அந்நியராக இருக்கவில்லை என்பதைக் காட்டுகின்றது. எனவே, அவருக்குப் புதிய முறை வசப்படவில்லை என்ற எண்ணத்துக்கு இடமில்லை. தெரிந்த ஒன்றை எப்போது பயன்படுத்துவது என்பதே அவர்முன் இருந்த வினா.

தாயகத்தில் அவர் வரைந்த நிலக்காட்சிகளோ ஒரு சங்கடத்தை எழுப்புகின்றன. 1885இல் வரையப்பட்ட 'லா போர்த்துனா பெருந்தோட்டம்' என்ற ஓவியம் ஹோசே கல்லார்ட் என்ற தோட்ட முதலாளியின் வேண்டுகோளின் பேரில் உருவானது. அகன்ற வானம், ஆலையின் புகைபோக்கி, மாட்டு வண்டிகள், சிற்றுருவங்களாகத் தொழிலாளர் ஆகியன அதிற் காணப்படுகின்றன. புவேர்ட்டோ ரிக்கோவில் அடிமை முறை 1873 மார்ச் 22ஆம் திகதி ஒழிக்கப்பட்டது. ஆயினும் விடுதலை பெற்றோர் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் உழைக்கவேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. ஓவியம் வரையப்பட்டபோது அந்த ஒப்பந்தக் காலம் முடிந்து பத்தாண்டுகள்கூட ஆகவில்லை. அடிமை முறையைக் கண்டித்தவர் ஒல்லர். கசையடி பெறும் அடிமையை ஓவியமாகத் தீட்டியவர். அவ்வோவியம் இன்று கிடைப்பதில்லை. அத்தகையவர் இங்கு தோட்டத்தை அதன் உடைமையாளனின் கண்ணோட்டத்திலேயே காட்டுகின்றார். ஒளி அழகாக விழுகின்றது. ஆனால் அது எவருடைய முதுகில் விழுகின்றது என்று நாம் அறிய முடியாதபடி மனிதர் சிறுத்துவிட்டனர். ஓவியக் கலைக்கு ஆதரவளிக்கக்கூடிய செல்வம் தோட்ட முதலாளிகளிடமே குவிந்திருந்த நாட்டில், ஓவியனின் சுதந்திரம் எவ்வளவு குறுகியது என்பதை இப்படம் உணர்த்துகின்றது. ஒல்லரைப் போற்ற விரும்புவோர் இதனைத் தவிர்த்துச் செல்லுதல் ஆகாது.

இதே கருத்தின் தொடர்ச்சியாக, அவர் ஆட்சியாளருக்கும் ஓவியம் தீட்டினார் என்பதையும் குறிப்பிடவேண்டும். 1872இல் ஸ்பானிய மன்னர் முதலாம் அமாதேயோ அவரை அரச ஓவியராக நியமித்தார். 1898இல் அமெரிக்கப் படைகள் தீவைக் கைப்பற்றிய பின்னர், ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி மக்கின்லியின் உருவப்படத்தையும் அவர் வரைந்தார். கொடிகள் மாறின, உருவப்படம் வேண்டுவோரும் மாறினர், பிழைக்கவேண்டிய ஓவியன் மாறவில்லை. இதனைச் சந்தர்ப்பவாதம் என்று கூறிவிடுவது எளிது. எனினும், ஒரு ஓவியனைத் தாங்குதற்குரிய சமூக நிறுவனங்கள் எவையும் உருவாகாத நாட்டில் அவன் எவரிடம் கூலி பெறமுடியும் என்ற வினாவையும் உடன் எழுப்பாத விமரிசனம் முழுமையானதாகாது.

மூன்றாவது தொகுதியிலேயே ஒல்லரின் முழுமையையும் அவரது முரண்பாட்டையும் ஒருங்கே காணலாம். 1890க்கும் 1893க்கும் இடையில் அவர் இரு பெரிய ஓவியங்களை உருவாக்கினார். ஒன்று 'ஆசான் ரபாயேல் கொர்தேரோவின் பள்ளி'. மற்றையது 'எல் வெலோரியோ', அதாவது 'சாவீடு'.

ரபாயேல் கொர்தேரோ 1790இற் பிறந்த கறுப்பின மனிதர். சுருட்டுச் சுற்றுதலைத் தொழிலாகக் கொண்டவர். முறையான பள்ளிக்கல்வி பெறாது தாமே கற்றவர். சான் ஹுவானில் தமது வீட்டையே பள்ளியாக்கி, நிறவேறுபாடு பாராது பிள்ளைகளுக்கு இலவசமாக எழுத்தறிவித்தார். பிற்காலத்தில் அடிமை ஒழிப்புக்காகக் குரல் கொடுத்த கற்றோர் பலர் அச்சுருட்டுத் தொழிலாளியின் திண்ணையில் அரிச்சுவடி படித்தவர்களே. ஒல்லர் தமது கழகத்தை நிறுவிய 1868ஆம் ஆண்டிலேயே கொர்தேரோ காலமானார். இருபதாண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னர் ஒல்லர் அவரை வரைந்தபோது, பீடத்தில் ஏற்றிய பெரியாராக அவரைக் காட்டவில்லை. வகுப்பறை ஒழுங்கற்றுக் கிடக்கின்றது. பலநிறப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் இடித்துக் குறும்பு செய்கின்றனர். நடுவே களைத்த முதியவர் அமர்ந்திருக்கின்றார். கற்பித்தலின் சலிப்பை அறிந்த ஒருவரே கற்பித்தலின் மாண்பை இவ்வாறு வரையமுடியும். போற்றுதலுக்காக மெருகூட்டப்படாத இம்முகத்துக்கு யதார்த்தவாதம் தேவைப்பட்டது. கணநேர ஒளியிற் கரைந்துபோகும் மனப்பதிவு முறை, ஒரு மனிதனின் ஐம்பதாண்டு உழைப்பைக் காட்டப் போதாது என்று ஒல்லர் கருதியிருத்தல் வேண்டும். பாணியைப் பொருளே தீர்மானித்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இனி 'சாவீடு' என்ற ஓவியத்துக்கு வருவோம். ஏறத்தாழ 8 அடி உயரமும் 13 அடி அகலமும் கொண்ட இவ்வோவியம் 1893இற் சான் ஹுவானிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னர் ஹவானாவுக்கும் 1895இற் பாரிஸுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. இப்போது அது புவேர்ட்டோ ரிக்கோப் பல்கலைக்கழகத்தின் அரும்பொருட்சாலையில் உள்ளது. இதன் பொருள் 'பக்கினே' என்ற வழக்கமாகும். குழந்தை இறந்துவிட்டால் அது பாவமறியாத தேவதையாக நேரே விண்ணுலகு செல்லும் என்பது நாட்டுப்புற மக்களின் நம்பிக்கை. ஆகவே அழுதல் ஆகாது. பாடியும் ஆடியும் உண்டும் குடித்தும் அதனை வழியனுப்புதல் வேண்டும்.

குடியானவர் குடிசையின் உட்புறத்தை ஓவியம் காட்டுகின்றது. நடுவிலுள்ள மேசையில் வெண்சரிகைத் துணிமீது, பூக்கள் சூழ, இறந்த குழந்தை கிடத்தப்பட்டுள்ளது. உத்தரங்களிலிருந்து வாழைக்குலைகளும் சோளப்பொத்திகளும் தொங்குகின்றன. ஒருபுறம் நரம்புக்கருவியும் தாளக்கருவிகளும் இசைக்கப்படுகின்றன. வாட்டிய முழுப்பன்றியொன்று கழியிற் கோத்து உள்ளே கொண்டுவரப்படுகின்றது. வந்திருக்கும் குருவானவரின் கண்கள் குழந்தையை நோக்காது அப்பன்றியையே நோக்குகின்றன. சிறுவர் உருண்டு விழுகின்றனர், நாய்கள் ஓடித் திரிகின்றன, மது வழங்கப்படுகின்றது, தாயின் முகத்திலும் சிரிப்பே தெரிகின்றது. இத்தனை ஆரவாரத்துக்கிடையிற் கோலூன்றிய கறுப்பின முதியவர் ஒருவர் மாத்திரம் மேசையருகில் நின்று குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்.

இவ்வோவியத்தின் நோக்கத்தை ஒல்லர் தாமே எழுத்தில் விளக்கியுள்ளார். மூடநம்பிக்கையின் போர்வையில் நடைபெறும் இழிந்த களியாட்டமென அவ்வழக்கத்தை அவர் கண்டித்தார். சீர்திருத்தவாதியான ஓர் ஆசிரியனின் குரல் இது. அறியாமையே மக்களின் துன்பத்துக்குக் காரணம். கல்வியே அதற்கு மருந்து என்று நம்பிய 19ஆம் நூற்றாண்டுத் தாராண்மைவாதத்தின் குரலும் இதுவேயாகும். திருச்சபையின் பிரதிநிதி பன்றியிற் கண்வைத்திருப்பதைக் காட்டும் துணிவும் அதே கொள்கையிலிருந்து பிறந்தது.

ஆனால் இக்குரலை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியுமா? குழந்தைகள் அடிக்கடி இறந்துபோகும் ஏழைக் குடிசைகளில், ஒவ்வொரு மரணத்தையும் முழுத் துயரோடு தாங்கிக்கொண்டு மறுநாள் கரும்பு வெட்டச் செல்வது எவ்வாறு? அழக்கூடாது என்ற விதி, அழுதால் எழுந்திருக்க முடியாது என்று அறிந்தவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட விதியாகவும் இருக்கலாம். தேவதையாயிற்று என்ற நம்பிக்கை, வேறெந்த ஈடும் கிடைக்காத ஒரு தாய்க்குச் சமூகம் அளித்த ஒரே ஈடு. குழந்தை ஏன் இறந்தது என்ற வினாவை ஒல்லரின் விளக்கவுரை எழுப்பவில்லை. களியாட்டத்தை இழிவென்று கண்ட அது, பசியையும் நோயையும் மருத்துவமின்மையையும் காணவில்லை. 'லா போர்த்துனா'வில் உருச்சிறுத்துப் போன தொழிலாளர் தமது வீட்டில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே 'சாவீட்டின்' பொருள் என்று கொண்டால், தோட்டத்தை அழகாகவும் குடிசையை அருவருப்பாகவும் காட்டிய ஓவியனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நீர் வாயிலில் நின்று பார்த்தீரா, உள்ளே சென்று பார்த்தீரா?

இக்கேள்விக்கு ஒல்லரின் எழுத்து தரும் விடை ஒன்று. ஓவியம் தரும் விடை வேறொன்று. இதுவே இவ்வோவியத்தின் சிறப்பு என்பேன். விளக்கவுரைக்கு ஏற்ற கேலிச்சித்திரமாக மாத்திரம் அவர் இதனை வரைந்திருந்தால் 1893உடன் இதன் பயன் முடிந்திருக்கும். அவ்வாறு முடியாமைக்குக் காரணம், போதகர் கண்டிக்கும் மக்களை ஓவியர் அலட்சியமாகப் பார்க்கவில்லை என்பதே. பலகைகளின் இடுக்கு, தரையிற் சிதறிய பொருள்கள், உத்தரத்து வாழைக்குலை ஆகிய யாவும் நிலைப்பொருள் ஓவியங்களிற் கண்ட அதே பரிவுடன் தீட்டப்பட்டுள்ளன. திறந்த கதவு, சாளரம் வழியே தெரியும் வெளிப்புறத்தில் மனப்பதிவுவாதியின் தூரிகை தெரிகின்றது. அங்கே பசுமை ஒளியிற் கரைந்து நிற்கின்றது. உள்ளே யதார்த்தவாதம், வெளியே மனப்பதிவுவாதம் என ஒரே கித்தானில் இரு முறைகளும் அருகருகே இயங்குகின்றன. உறுதியற்றவர் எனப்பட்ட ஓவியர் தாம் கற்ற இரண்டையும் எதற்கு எது என்று அறிந்தே இங்கு பயன்படுத்தியுள்ளார். வெளியுலகின் ஒளி குடிசைக்குள் நுழைந்து வெண்சரிகைத் துணியிற் படுகின்றது. ஆரவாரம் செய்வோர் எவரும் பாராத அக்குழந்தையை நாம் பார்க்கும்படி செய்வது அவ்வொளியே.

அம்முதியவரே இவ்வோவியத்தின் மையம். அவருடைய வயதை நோக்கும்போது, வாழ்நாளின் பெரும்பகுதியை அடிமை முறை நிலவிய காலத்திற் கழித்த தலைமுறையைச் சேர்ந்தவர் என்று கொள்ளலாம். கல்வியோ செல்வமோ பதவியோ அவரிடம் இருப்பதற்கான அடையாளம் இல்லை. குருவானவருக்கும் விருந்தினருக்கும் இல்லாத கவனம் அவரிடம் உண்டு. கொர்தேரோவின் பள்ளியை வரைந்து முடித்த கையுடனேயே ஒல்லர் இவரை வரைந்தார் என்பதை மனங்கொள்ளவேண்டும். அங்கே முதிய கறுப்பின மனிதர் கற்பிக்கின்றார். இங்கே மற்றொரு முதிய கறுப்பின மனிதர் பேசாது நின்று பார்க்கின்றார். ஏழைகள் கற்பிக்கப்படவேண்டியவர்கள் என்று விளக்கவுரை கூறுகின்றது. அவ்வறையிற் கற்பிக்கத் தகுதியுடையவர் எல்லோரினும் ஏழையான ஒருவரே என்று ஓவியம் கூறுகின்றது. ஆசிரியரான ஒல்லரின் தீர்ப்பை ஓவியரான ஒல்லர் திருத்துகின்றார்.

பாரிஸில் இவ்வோவியம் அவருக்குப் பெரும் வெற்றி எதனையும் ஈட்டித்தரவில்லை. 1895ஆம் ஆண்டில் அங்கு பழைய நண்பர் செசானைச் சந்தித்தார். அதே ஆண்டு யூலையிற் செசான் கடிதமெழுதி நட்பை முறித்துக்கொண்டார். பாரிஸின் கலையுலகம் அதற்குள் மனப்பதிவுவாதத்தையும் கடந்து சென்றுவிட்டிருந்தது. எட்டடி உயரக் கித்தானில் ஒரு தீவின் வழக்கத்தைப் பற்றி வாதிடும் ஓவியம் அங்கு காலம் கடந்ததாகத் தோன்றியிருக்கக்கூடும். ஒல்லரைப் பின்தங்கியவர் என்று கூறும் தீர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கின்றது. அது பாரிஸின் நாட்காட்டியைக் கொண்டு சான் ஹுவானின் ஓவியத்தை அளக்கின்றது. ஒரு நகரத்தில் எது எப்போது புதுமை என்பதை அந்நகரத்தின் வரலாறு தீர்மானிக்கின்றது. அந்த அளவுகோலை மற்றொரு சமூகத்தின் கலைஞன்மீது வைக்கும்போது, அவன் எப்போதும் முந்தியவனாகவோ பிந்தியவனாகவோ மட்டுமே தென்படுவான். தன் காலத்தில் நின்றவனாக ஒருபோதும் தென்படான்.

தாயகம் மீண்ட ஒல்லர் தொடர்ந்து வரைந்தார், கற்பித்தார். அரசமரபுப் பனைகளைக் காட்டும் 1897ஆம் ஆண்டு நிலக்காட்சியும், நூற்றாண்டின் இறுதியையொட்டி வரையப்பட்ட 'அவுரோரா பெருந்தோட்டம்' என்ற ஓவியமும் குறிப்பிடத்தக்கன. இவற்றில் தூரிகை விடுதலை பெற்று, மலையும் வானமும் வர்ணத் தீற்றல்களாக அதிர்கின்றன. 'லா போர்த்துனா'வின் கணக்கெடுக்கும் பார்வை இங்கு தளர்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்கா 1917 மார்ச் 2ஆம் திகதிச் சட்டத்தின் மூலம் புவேர்ட்டோ ரிக்கோ மக்களைத் தன் குடிமக்களாக்கியது. அம்மாத இறுதியிற் பிசாரோ பிறந்த செயின்ட் தோமஸ் தீவும் டென்மார்க்கிடமிருந்து அதே நாட்டின் கைக்கு மாறியது. அதே ஆண்டு மே 17ஆம் திகதி ஒல்லர் தமது எண்பத்து மூன்றாம் வயதிற் காலமானார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர், 2015இல் நியூயோர்க்கின் புரூக்ளின் அரும்பொருட்சாலை, கரிபியனையும் மனப்பதிவுவாதத்தையும் இணைத்து நோக்கிய கண்காட்சியொன்றை அவரை மையமாகக் கொண்டு நடத்தியது. அடிக்குறிப்பிலிருந்து அவர் மெல்ல மேலெழுகின்றார் என்று கொள்ளலாம்.

முடிவாகக் கூறுவதாயின், ஒல்லரின் பாணி மாற்றங்களை உறுதியின்மை என்று கொள்வது பொருந்தாது. ஒவ்வொரு முறையும் அவர் யாரை, யாருக்காக வரைகிறார் என்ற கேள்வியிலிருந்தே பாணியைத் தெரிந்தார். இது ஓர் ஆசிரியரின் தெரிவு. இத்தெரிவே அவரது பலம். மக்களைத் திருத்தப்படவேண்டிய மாணவராக மட்டும் காணத் தூண்டியபோது இதுவே அவரது பலவீனமுமாயிற்று. கற்றவன் கல்லாதாரின் சாவீட்டு வாயிலில் நின்று தீர்ப்புக் கூறுதல் எளிது. ஒல்லரும் அதனைச் செய்தார். ஆனால் வரைவதற்காக நெடுநேரம் பார்க்கவேண்டியிருந்தமையால், தீர்ப்புக்குள் அடங்காத ஒருவரையும் அவர் கண்டார்; கண்டவரை மறைக்காது கித்தானின் நடுவே நிறுத்தினார். பல்கலைக்கழகம் சென்று கற்பவர்கள் அவரிடமிருந்து பெறக்கூடிய பாடம் இதுவென எண்ணுகிறேன். நாம் எழுதும் விளக்கவுரைகள் தவறலாம். அவை தவறும்போது நம்மைத் திருத்துவதற்குப் போதிய அளவு நாம் பார்த்திருக்கவேண்டும்.